அரைக் கிலோ பன்றிக்கறியும் அரை யூனிட் மின்சாரமும்

கும்மிடிப்பூண்டியில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை பேசப் போனபோது, வீட்டுக்காரம்மா மூன்று நிபந்தனைகள் சொன்னார். வாடகை மாதம் 5ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். மின்சாரம் சப்-மீட்டர் கணக்கு, யூனிட்டுக்கு 9 ரூபாய். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கோழி, ஆடு, மீனு எல்லாம் செஞ்சுக்கம்மா. மத்தது மட்டும் வேணாம்.” மத்தது என்றால் எது என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை. இருவருக்கும் தெரிந்த ஒரு சொல்லை இருவருமே வாயில் எடுக்காமல் முன்பணம் கைமாறியது.

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு எதிர் மேசையில் ஓர் அசாம் பெண். ஒருநாள் உணவு இடைவேளையில் கைபேசியில் ஒரு காணொலியைக் காட்டினாள். சீன உணவகங்களில் டப்பாவில் போட்டுத் தருகிற மொறுமொறு பன்றி வறுவலை வீட்டிலேயே ஏர் ஃப்ரையரில் செய்வது எப்படி என்று அதில் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணெய்ச் சட்டி வேண்டாம், புகை வராது, 20 நிமிடம் போதும். அவள் வீட்டில் பன்றிக்கறி விருந்தாளிக்கு வைக்கிற கறி. “அக்கா, நீங்க சாப்பிடுவீங்களா?” என்று தமிழில் சத்தமாகவே கேட்டாள். நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன்.

தவணையில் அந்த இயந்திரத்தை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் யோசித்தேன். எண்ணெய் குறையும் என்பதற்காகவா வாங்கினேன், புகை வெளியே போகாது என்பதற்காகவா? இரண்டாவதுதான் உண்மை. ஒரு கறியை மறைத்துச் செய்ய ஓர் இயந்திரத்துக்கு மாதத்தவணை கட்டுகிறேன் என்றால், அந்த மறைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்?

முதலில் நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். திருவள்ளூர் மாவட்டம் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தது. அந்தத் தொண்டை நாட்டைக் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பரிசு தேடிப் போகும் பாணனுக்கு, வழியில் எந்தெந்த ஊரில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கு வரும்போது, கள் காய்ச்சும் பெண்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அதில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. ஓர் ஆண் பன்றியை மட்டும் பெட்டைகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவு ஊட்டிப் பல நாள் வளர்க்கிறார்கள். கொழுப்பேறிய அந்தக் கறியும் நல்ல கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும்.

அந்த இடத்தில் முகச்சுளிப்பு ஏதும் இல்லை. கறி கொழுக்க எந்தப் பன்றியைப் பிரித்து வைப்பது, எதை ஊட்டுவது என்ற தொழிலறிவு இருக்கிறது. அரசனைப் புகழ வந்த பாட்டு, விருந்தாளிக்குக் கொடுக்கத்தக்க உணவாகவே பன்றிக்கறியைச் சொல்கிறது. அந்தக் காட்சியில் தொழில் சொல்லிக் காட்டப்படுகிறவர்கள் பெண்கள். அவர்கள் கழுவி ஊற்றிய தண்ணீரில்தான் அந்தப் பன்றிகள் வளர்கின்றன.

அதற்குப் பிறகு கறி மாறவில்லை. அதைத் தின்கிறவர் யார் என்பதை வைத்து அதற்கு மதிப்புப் போடுவது வந்தது. ஊருக்குள் அதைத் தின்னாதவர் மேலாகவும், ஊருக்கு வெளியே அதைத் தின்றவர் கீழாகவும் ஆனார்கள். ஊர்க் கழிவைத் தின்று வளர்கிற விலங்கு என்று பன்றியை ஒதுக்கினார்கள். அந்தக் கழிவை அள்ளும்படி வைக்கப்பட்ட மக்களின் தலையிலேயே அந்த அருவருப்பையும் ஏற்றினார்கள்.

பொன்னேரிப் பக்கம் என் அம்மா இரண்டு பன்றி வைத்திருந்தார். ஊர்த்தெருவில் வேலை செய்யும் வீடுகளின் பின்வாசலில் நின்று கழுநீர் வாங்கி வருவார். வாசல் வழியாக அம்மாவை விடாத வீடுகள் அவை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு பன்றியை விற்பார். நானும் தங்கையும் நோட்டு, புத்தகம், சீருடை வாங்கியது அந்தப் பணத்தில்தான். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவிடம் ஏதாவது காசு இருந்தது என்றால், அதுவும் பன்றிக் காசுதான். அறுக்கிற நாளில் மயிர் பொசுக்குவதும் வெட்டுவதும் ஆண்கள். குடல் அலசுவதும், மிளகு இடித்துச் சேர்த்து வேகவைப்பதும், முதல் தட்டை ஆண்களுக்கு வைத்துவிட்டுக் கடைசியில் எலும்பைக் கடிப்பதும் பெண்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரும் என் பக்கத்தில் உட்காராததும் அதே கறியின் கணக்கில்தான் சேரும்.

அதே கறி, பெயர் மாறிப் பெரிய உணவகங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது. அங்கே அது பன்றி இல்லை, ‘போர்க்’. நகரத்துச் சீன உணவகத்தில் சில்லி போர்க் கேட்பவரை யாரும் என்ன சாதி என்று பார்ப்பதில்லை. அப்படியானால் இந்தச் சீனச் சமையலைக் கொண்டுவந்தவர்கள் மட்டும் மரியாதையாக வாழ்ந்தார்களா?

நம் மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியின் நடுவட்டத்தில் அரசு சின்கோனாத் தோட்டம் வந்தது. கொய்னா மருந்துக்குப் பட்டை எடுக்கும் மரம் சின்கோனா. மலாயாப் பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அங்கே வேலைக்கு வைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான மலைச்சரிவில் சீனர்கள் சிலர் குடியேறினார்கள். தமிழ்ப் பறையர் பெண்களோடு குடும்பம் நடத்தி, காய்கறியும் காபியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய அவருடைய நூலிலும் அந்தக் குறிப்பு உண்டு. தகப்பன் சீனர், தாய் தமிழ்ப் பறையர் என்று எழுதி, பிள்ளைகளின் மூக்கை அளந்து குறித்தார். தமிழும் சீனமும் ஒரே அடுப்பில் வெந்த வீடுகள் அவை. மூக்கின் அளவு நமக்குக் கிடைத்துவிட்டது. அந்த அடுப்பைப் பற்ற வைத்த பெண்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.

கடல் தாண்டியும் இதே கதைதான். மாவில் புரட்டிப் பொரித்த பன்றித் துண்டுகளைப் புளிப்பும் இனிப்பும் கலந்த சாற்றில் புரட்டுவது தென்சீனாவின் காண்டன் வட்டாரத்துச் சமையல். அந்த வட்டாரத்து ஆண்கள்தான் 1860களில் அமெரிக்காவில் ரயில் பாதை போடப் போனார்கள். 1875இல் வந்த பேஜ் சட்டம், ஒழுக்கம் என்ற பெயரில், சீனப் பெண்கள் அந்த நாட்டுக்குள் வருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 1882இல் சீனத் தொழிலாளர் வருவதற்கே தடை வந்தது. வேறு வேலைகளில் கதவு மூடப்பட, சீன ஆண்கள் துணி வெளுத்தார்கள், சமைத்தார்கள். இரண்டும் உலகமெங்கும் பெண் வேலை என்று ஒதுக்கப்பட்டவை. வெள்ளைக்காரர் வாய்க்கு ஏற்பச் சர்க்கரை கூட்டி, எலும்பு நீக்கி, டப்பாவில் போட்டுக் கொடுத்த அந்தச் சமையல்தான் இன்று காணொலியில் நாம் பார்க்கும் ‘டேக் அவே’ வறுவல்.

இந்தியாவில் அதன் பெரிய வீடு கல்கத்தா. அங்கே டாங்கரா பகுதியில் ஹக்கா சீனர்கள் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். சாதி இந்துக்கள் தீட்டு என்று தொடாமல் விட்ட தொழில் என்பதால் வந்தவர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. தோலும் பன்றியும் நம் ஊரில் யாருடைய கையில் விடப்பட்டிருந்தனவோ, அதே வரிசையில்தான் அவர்களும் போய் நின்றார்கள். 1962 சீனப் போரின்போது ஏறக்குறைய 3,000 சீன இந்தியர்கள் ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அப்படிச் சிறுமியாக அடைக்கப்பட்டவர்களில் ஒருவரான மோனிகா லியூ, பின்னாளில் டாங்கராவில் உணவகங்கள் நடத்திப் பெயரெடுத்தார். தோல் பதனிடும் ஆலைகள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, டாங்கரா சாப்பாட்டுக்கென்றே அறியப்படும் இடமாகிவிட்டது.

அந்தக் கல்கத்தாவுக்குப் போகிற நெடுஞ்சாலைதான் எங்கள் கும்மிடிப்பூண்டி வழியாக ஓடுகிறது. அந்தச் சாலையோரத் தள்ளுவண்டிகளில் இப்போது ஃப்ரைடு ரைஸும் நூடுல்ஸும் கிடைக்கின்றன. வாணலி முன்னால் நிற்பவரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிறோம், அவர் ஆண். பின்னால் குந்தி உட்கார்ந்து முட்டைக்கோஸ் அரிகிற அக்காவை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. சம்பளம் உள்ள அடுப்புக்கு ஆண், சம்பளம் இல்லாத அடுப்புக்குப் பெண் என்ற பழைய பங்கீடு, சோயா சாஸ் வந்ததனால் மாறிவிடவில்லை.

தொழிற்பேட்டை வந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்களின் அடுப்புக்கு வேறொன்று நடந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் சிப்காட்டுக்காக மேய்ச்சல் நிலம் எடுக்கப்பட்டபோது, பெரும்பாலும் தலித்துகளான ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அங்கே டயர் ஆலை கட்டிய மிச்லின் நிறுவனத்தின் மீது 2012இல் பிரான்ஸ் வரைக்கும் புகார் போனது. மேய்ச்சல் நிலம் போனால் ஆடு மாடு போகும். ஆடு மாடு போனால் பெண் கையில் தனியாகப் புழங்கிய காசு போகும். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து அடுத்த தலைமுறைப் பெண்கள் ஷிப்ட் பேருந்து ஏறினார்கள்.

தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் விடுதிகளில் தங்கினார்கள். விடுதியில் அடுப்பு இல்லை. 2021 டிசம்பரில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே போடப்பட்ட சாப்பாட்டால் 250க்கும் மேற்பட்டவர்களுக்கு உடல்நிலை கெட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் பெண்கள் திரண்டு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திரும்பவும் திறந்தது.

அடுப்படியே கதி என்று பெண்ணைக் கட்டிப்போட்டதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சரியாகத்தான் பேசினோம். ஆனால் அந்த விடுதிப் பெண்களுக்கு அடுப்படியே இல்லை. என்ன சாப்பிடுவது, யார் சமைத்தது, அரிசி எப்படிப்பட்டது என்று எதையும் அவர்கள் முடிவு செய்யவில்லை. அடுப்பில் நின்றே ஆக வேண்டும் என்பதும் அடிமைத்தனம், அடுப்பைத் தொடவே கூடாது என்பதும் அடிமைத்தனம். இரண்டிலும் முடிவெடுப்பவர் வேறு யாரோ.

இயந்திரங்களைப் பற்றியும் இதையேதான் கேட்க வேண்டியிருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் மாவட்டத்தின் காக்களூரில்தான் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அம்மாவுக்கும் கிடைத்தது. ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரம் கையை ஓட்டிய பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ‘இலவசம்’ என்று கேலி பேசுகிறவர்கள் அறிய மாட்டார்கள். ஆனாலும் ஒன்று நடந்தது. வாரம் ஒருமுறை இட்லி சுட்ட வீட்டில் தினமும் இட்லி, தோசை, இரண்டு சட்னி கேட்கத் தொடங்கினார்கள். அமெரிக்க வீடுகளில் இதுவே நடந்ததை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு நூலாகவே எழுதினார். இயந்திரம் வந்ததும் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் மறைந்தன, அம்மாவின் வேலை குறையவில்லை என்பது அவர் கண்டது.

ஏர் ஃப்ரையரும் அந்த வரிசையில் வந்ததுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் உருவாக்கிய கருவியைப் பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. பெயர்தான் ஃப்ரையர், உண்மையில் அது பொரிப்பதில்லை. சிறிய மூடிய பெட்டிக்குள் மேலே சூடேறும் கம்பி, அதற்கு மேலே ஒரு விசிறி. சூடான காற்று கறியைச் சுற்றிச் சுழன்று மேல் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. ஈரம் போனால்தான் மேல்பக்கம் சிவக்கும், மொறுமொறுக்கும்.

அதனால் பஜ்ஜி மாவுபோல் கரைத்துத் தோய்த்தால் இதில் எடுபடாது, மாவு வழிந்து கூடையில் ஒட்டிக்கொள்ளும். நான் செய்வது இப்படி. கொழுப்போடு சேர்ந்த தோள்பட்டைக் கறி அரைக் கிலோ, ஒரு அங்குலத் துண்டுகள். சோயா சாஸ், இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவேண்டும். ஊறிய நீரை வடித்துவிட்டு ஒரு முட்டையை அடித்து ஊற்றிப் பிசறி, துண்டு துண்டாக எடுத்துக் காய்ந்த கார்ன் ஃப்ளாரில் வெள்ளையாகும்வரை புரட்ட வேண்டும். மைதாவைவிட இதுதான் மொறுமொறுப்பு நிற்கும். பத்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு கறியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கரண்டி எண்ணெயை மேலே தடவி, கூடையில் நெருக்காமல் பரப்பி, 180 டிகிரியில் 12 நிமிடம். திருப்பிப் போட்டு 200 டிகிரியில் 8 நிமிடம். பெரிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பார்த்து உள்ளே முழுவதும் வெந்திருந்தால்தான் எடுக்க வேண்டும். தக்காளி சாஸ், வினிகர், சர்க்கரை, மிளகாய் விழுது சேர்த்துத் தனியாகக் கொதிக்கவைத்த சாற்றை, சாப்பிடும்போதுதான் ஊற்றிப் புரட்ட வேண்டும். முன்பே ஊற்றினால் உழைப்பு வீண். 1,500 வாட் இயந்திரம் 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட். சப்-மீட்டர் கணக்கில் நாலரை ரூபாய்.

முதல்முறை செய்தபோது ஒன்று புரிந்தது. புகைதான் வரவில்லை, வாசனை வருகிறது. இயந்திரத்தின் பின்பக்கத் துளை வழியாக இஞ்சியும் சோயாவும் கறியும் கலந்த வாசனை படிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப்பார்த்தார். “வாசனை தூக்குதே, சைனீஸாம்மா?” என்றார். “ஆமாம்மா, சைனீஸ்” என்றேன். பொய்யில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்தக் கறி எனக்கு இறங்கவில்லை. ஐந்தாவது வகுப்பில் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பெண், இத்தனை வருடம் கழித்து, தான் சம்பாதித்த காசில் வாங்கிய இயந்திரத்தின் முன்னாலும் அதே ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் அம்மா வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அடுப்பு இல்லாம பன்னிக்கறி வேவுமா?” என்று கேட்டது கீழ்வீடு வரை கேட்டிருக்கும். “மெதுவா பேசும்மா” என்றேன். “ஏன்? திருடியா துன்றோம்?” என்றார். ஒரு துண்டைக் கடித்துவிட்டு, “மொறுமொறுன்னு நல்லாத்தான் கீது. மொளகு பத்தல” என்றார். பிறகு கூடையைத் தூக்கி அடித்தட்டைப் பார்த்தார். உருகிய கொழுப்பு அதில் தேங்கி நின்றது. காணொலியில் அதைக் குப்பையில் கொட்டச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஒரு கண்ணாடி பாட்டிலைக் கழுவித் துடைத்து அதில் ஊற்றி மூடினார். “இதுல கீரை தாளிச்சுப் பாரு. இதைப் போயி கொட்டுவாங்களாடி?” என்றார். அம்மாவுக்கு அது பள்ளிக்கூடத்து நோட்டும் சீருடையுமான பொருள். கொட்ட மனம் வராது.

போன 5ஆம் தேதி வாடகை கொடுக்கப் போனேன். வீட்டுக்காரம்மா மீட்டர் கணக்கு எழுதிய நோட்டைப் புரட்டினார். “யூனிட் கூடியிருக்கே, புதுசா என்ன மெஷின் வாங்கினே?”

“ஏர் ஃப்ரையர்மா” என்றேன். “பன்றிக்கறி செய்யறதுக்கு வாங்கினேன்.”

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கூட்டிய யூனிட்டை 9ஆல் பெருக்கி எழுதிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்றுவரை ஆள் வரவில்லை. கீரையை அம்மா சொன்னபடிதான் தாளிக்கிறேன்.